1962 எண்ணெய்த் தேசியமயமாக்கல்: மாதிரி அமைச்சரவை அமர்வில் அமெரிக்கத் தூதுவராக நான் எதை வாதிடுவது?

வினா: உயர்தர மாணவி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர அரசியல் விஞ்ஞானம் கற்கும் பதினான்கு மாணவர்கள். அடுத்த மாதம் எங்கள் பாடசாலையில் மாதிரி அமைச்சரவை அமர்வொன்று நடைபெறவுள்ளது. 1962 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய மூன்று வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியதும், அதனால் அமெரிக்காவுடன் எழுந்த பிணக்குமே எங்களுக்குத் தரப்பட்ட விடயம். எட்டுப் பேர் அமைச்சரவையாகவும் மூவர் நிறுவனங்களின் பிரதிநிதிகளாகவும் மூவர் அமெரிக்கத் தூதரகமாகவும் அமரவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அமெரிக்கத் தூதுவர் பாத்திரம் எனக்கு விழுந்தது.

கடந்த புதன்கிழமை முதல் ஒத்திகை பார்த்தோம். வர்த்தக அமைச்சராக நடிக்கும் நண்பி மேசையில் கையை ஊன்றி எழுந்து, "எங்கள் மண்ணின் எண்ணெயை அந்நியர் கொள்ளையடிக்க விடமாட்டோம்" என்றாள். வகுப்பே கைதட்டியது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒருவன், "எந்த மண்ணில் எண்ணெய் இருந்தது?" என்று கேட்டான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நானோ என் முறை வந்தபோது, "எங்கள் நிறுவனங்களுக்குப் பணத்தைத் தாருங்கள்" என்பதையே மூன்று விதமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியவேண்டியவை இவைதான். அந்தப் பிணக்கின் உண்மையான மையம் எது? நான் மனதால் ஏற்காத ஒரு தரப்பை, அதைக் கேலிப்பொருளாக்காமல் எப்படி எடுத்துரைப்பது? 2022 இல் அம்மாவோடு மண்ணெண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற அனுபவம் எங்களில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றியும் சிலர் பேச விரும்புகிறார்கள். அவற்றை இந்த அமர்வுக்குள் கொண்டுவரலாமா?

பதில் 1: அரசியல் விஞ்ஞான ஆசிரியர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள மாணவிக்கு, பின்வரிசையில் இருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக இத்தகைய அமர்வுகளை நடத்திவருகிறேன். ஒவ்வொரு முறையும் மாணவர்கள் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். எண்ணெய்த் தேசியமயம் என்றவுடன் 1938 இல் மெக்சிகோவில் ஜனாதிபதி லாசரோ கார்டெனாஸ் செய்ததும், 1951 இல் ஈரானில் பிரதமர் மொசாடெக் செய்ததும் நினைவுக்கு வருகின்றன. அந்த நாடுகளின் வாதத்தை அப்படியே கொழும்புக்குப் பெயர்த்துவிடுகிறோம். அங்கே வழக்கு நிலத்தடிச் செல்வம் பற்றியது. இங்கே நிலத்தடியில் ஒரு துளியும் எடுக்கப்படவில்லை. இலங்கையில் அந்நிய எண்ணெய் நலன் என்பது துறைமுகத்தில் இறக்கும் குழாயும், களஞ்சியத் தாங்கியும், வீதியோரத்துப் பெற்றோல் செட்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெயை எந்த விலைக்கு எவரிடம் வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரமும்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு பிறக்கிறது. ஈரானிடம் எண்ணெய் இருந்தது, ஆனால் பிரித்தானியா ஏற்படுத்திய தடையால் வாங்குவோர் கிடைக்கவில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் மொசாடெக்கை அகற்றிய 1953 ஓகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தது. இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. எங்களுக்குத் தேவைப்பட்டது விற்பவர். அந்தக் காலத்தில் சோவியத் ஒன்றியம் என்ற புதிய விற்பனையாளர், நிறுவனங்கள் கேட்ட விலையை விடக் குறைந்த விலையோடு சந்தைக்கு வந்திருந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை விற்றுக் கிடைக்கும் அந்நியச் செலாவணி அரிசிக்கும் மாவுக்குமே போதாமல், 1961 இலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்ட நேரம் அது. வர்த்தக அமைச்சராக இருந்த டி.பி. இலங்கரத்னவின் இடத்தில் அமரும் உங்கள் நண்பி மண்ணைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "ஒரு கலன் பெற்றோலுக்கு நாம் எத்தனை இறாத்தல் தேயிலை கொடுக்கிறோம்" என்ற கணக்கிலிருந்து தொடங்கட்டும். அது கைதட்டல் வாங்காது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல நீங்கள் சிரமப்படுவீர்கள்.

உங்கள் தரப்புக்கும் வலுவான ஓர் உதாரணம் உண்டு. 1960 இல் கியூபாவில் சோவியத் மசகெண்ணெயைச் சுத்திகரிக்க டெக்சாக்கோ, எஸ்ஸோ, ஷெல் ஆகியன மறுத்தன. காஸ்ட்ரோ அரசாங்கம் அவற்றின் சுத்திகரிப்பு நிலையங்களை எடுத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, சோவியத் எண்ணெயின் பெயரால் இன்னொரு தீவிலும் சொத்துகள் கைமாறுவதை வாஷிங்டன் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்பதை உங்கள் முதல் உரையில் சொல்லுங்கள். அந்த அச்சம் நியாயமானதா என்பதை அமைச்சரவை விவாதிக்கட்டும். அச்சம் இருந்தது என்பது உண்மை.

ஒரு நடைமுறை ஆலோசனை. அமர்வின் திகதியை முதலில் தீர்மானியுங்கள். 1962 இன் நடுப்பகுதியில் வைத்தால் கையகப்படுத்தல் ஏற்கெனவே நடந்து, எல்லோரும் கோபத்தை மட்டுமே பேசவேண்டியிருக்கும். 1963 பெப்ரவரியின் முதல் வாரத்தில் வையுங்கள். அமெரிக்க உதவி இன்னும் நிறுத்தப்படவில்லை, நட்டஈடும் இன்னும் இணங்கப்படவில்லை. இரு தரப்புக்கும் தெரிவுகள் கையில் இருக்கும் இறுதி நாட்கள் அவை. அந்தத் திகதிக்குப் பின் நடந்த எதையும் எவரும் உச்சரிக்கக்கூடாது என்ற விதியைக் கடுமையாகப் பின்பற்றுங்கள். ஆகவே 2022 வேண்டாம். திருகோணமலையும் வேண்டாம்.

பதில் 2: களஞ்சியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், கொலன்னாவை

பிள்ளை, ஆசிரியர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மலிவு விலை ஒன்றையே காரணமாக நிறுத்துவது விடயத்தைக் குறுக்கிவிடும் என்பது என் எண்ணம். 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டபோது முழு வியாபாரத்தையும் அதே நாளில் அரசாங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. புதிய கூட்டுத்தாபனமும் பழைய கம்பனிகளும் சில காலம் அருகருகே எண்ணெய் விற்றன. தாங்கியும் குழாயும் செட்டும் இல்லாத ஒருவர் எவ்வளவு மலிவாக எண்ணெய் வாங்கினாலும் அதைக் கொண்டுவந்து எங்கே ஊற்றுவது? சொத்துகளைக் கையகப்படுத்தவேண்டி வந்ததன் உள்ளர்த்தம் அதுதான். அமைச்சரவையாக அமரும் பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டால், எல்லாவற்றையும் ஏன் எடுக்கவில்லை, எடுத்தவற்றை ஏன் எடுத்தோம் என்று தெளிவாகப் பேசுவார்கள்.

நான் கொலன்னாவையில் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில். எனக்கு வேலை பழக்கிய மேற்பார்வையாளர் கம்பனிக் காலத்திலேயே தொழில் கற்ற மனிதர். காலையில் முதல் வேலை, தாங்கியின் பக்கவாட்டுப் படிகளில் ஏறி, உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவு நாடாவை உள்ளே இறக்குவது. குண்டில் ஒரு பசையைத் தடவியிருப்போம். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த உயரம் வரைக்கும் பசையின் நிறம் மாறிவிடும். மொத்த உயரத்தை வாசித்து, தண்ணீரின் உயரத்தைக் கழித்து, வெப்பநிலையைக் குறித்து, அந்தத் தாங்கிக்கே உரிய அட்டவணையில் பார்த்தால்தான் எத்தனை கலன் என்று சொல்லலாம். பக்கத்துத் தாங்கியின் அட்டவணை இதற்குச் சரிவராது. எண்ணெய் இருப்பைச் சொல்வதற்கே இவ்வளவு நுட்பம் தேவையென்றால், ஒரு தாங்கியின் பெறுமதியைச் சொல்வதற்கு எவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் அமர்வில் அந்த வாக்குவாதம் கட்டாயம் நடக்கவேண்டும். நிறுவனப் பிரதிநிதி, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வியாபாரத்தை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், ஆகவே அதன் சந்தை மதிப்பையும் நற்பெயரையும் வருங்கால இலாபத்தையும் சேர்த்துத் தாருங்கள் என்பார். திறைசேரியின் பக்கம் இருப்பவரோ, நீங்கள் கட்டிய விலையில் தேய்மானம் போக மிஞ்சுவதையே தரமுடியும், அந்த இலாபத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துவிட்டீர்கள் என்பார். துருப்பிடித்த ஒரு பெற்றோல் பம்பியை வைத்துக்கொண்டே இந்த இரண்டு வாதங்களையும் அரைமணி நேரம் பேசலாம். பெரிய கொள்கைகளை விட இந்தப் பகுதிதான் பார்வையாளருக்கு உண்மையாகத் தெரியும்.

திருகோணமலை பற்றி நீங்கள் கேட்டதால் ஒரு சொல். சீனக்குடாத் தாங்கிகள் பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி எரிந்தது. எஞ்சிய 99 தாங்கிகளைப் பற்றி 1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் பேசப்பட்டது. 2022 ஜனவரியில் 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை நிறுவனமான லங்கா ஐஓசிக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 61 தாங்கிகள் கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐஓசி 49 வீதமும் கொண்ட கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. அது அயல்நாட்டோடும் ஓர் இயற்கைத் துறைமுகத்தோடும் பிணைந்த வேறொரு வழக்கு. அதற்குத் தனியாக ஓர் அமர்வு நடத்துங்கள். நான் வந்து பார்ப்பேன்.

பதில் 3: சட்டத்தரணி, புதுக்கடை

தூதுவராக வாதிடப்போகும் தங்கைக்கு, உங்கள் வாதத்தின் முதுகெலும்பு பணம் அல்ல, ஒரு சட்டப் பிரிவு. 1962 இல் அமெரிக்க வெளிநாட்டு உதவிச் சட்டத்துக்கு, அயோவா மாநில செனட்டர் ஹிக்கன்லூப்பரின் பெயரால் அறியப்படும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அமெரிக்கச் சொத்தைக் கையகப்படுத்தும் நாடு ஆறு மாதங்களுக்குள் முறையான நட்டஈட்டை நோக்கித் தகுந்த நடவடிக்கை எடுக்காவிட்டால், ஜனாதிபதி அந்த நாட்டுக்கான உதவியை நிறுத்தியே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். கென்னடி நிர்வாகமே இந்தத் திருத்தத்தை விரும்பவில்லை, ஏனெனில் அது பேச்சுவார்த்தை நடத்துபவரின் கையைக் கட்டிவிடுகிறது. இத்திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கைதான். 1963 பெப்ரவரியில் உதவி நிறுத்தப்பட்டது.

இதை நன்றாக உள்வாங்கிக்கொண்டால் உங்கள் பாத்திரத்தின் தொனி முற்றிலும் மாறிவிடும். அச்சுறுத்தும் வல்லரசின் குரலாக நீங்கள் பேசவேண்டியதில்லை. தனக்குப் பின்னால் ஒரு கதவு மூடிக்கொண்டு வருவதை அறிந்த ஒருவர், அது முழுவதும் மூடுமுன் எதிரிலிருப்பவரிடமிருந்து எழுத்தில் ஏதாவது பெற்றுவிட முயல்வதைப் போல் பேசுங்கள். முழுத் தொகையைக் கேட்காதீர்கள். ஒரு மதிப்பீட்டுக் குழு, ஒரு திகதி, முதல் தவணை, இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். சட்டம் கேட்பது தகுந்த நடவடிக்கையைத்தான் என்பதால், அமைச்சரவை அசைந்துகொடுக்கக்கூடிய சிறிய இடம் அங்கேதான் இருக்கிறது.

அமைச்சரவைப் பக்கத்துக்கும் சட்டம் கைகொடுக்கிறது. மெக்சிகோவோடு ஏற்பட்ட பிணக்கில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கோர்டெல் ஹல், கையகப்படுத்தும் உரிமையை ஏற்றுக்கொண்டு, நட்டஈடு உடனடியானதாகவும் போதுமானதாகவும் பயன்தரத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். ஆனால் 1962 டிசம்பர் 14 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1803 ஆம் இலக்கத் தீர்மானம் "தகுந்த நட்டஈடு" என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தது. உங்கள் அமர்வு 1963 பெப்ரவரியில் நடப்பதாக வைத்தால் அந்தத் தீர்மானத்துக்கு வயது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரதமராக அமர்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். நீங்கள் உடனே, அந்தத் தீர்மானம் இயற்கை வளங்கள் மீதான இறைமை பற்றியது, பெற்றோல் செட் இயற்கை வளமா என்று திருப்பிக் கேட்கலாம். ஆசிரியர் சுட்டிய வேறுபாடு அமைச்சரவையை மட்டுமல்ல, சட்டத்தையும் தொடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று: மூன்று நிறுவனங்களையும் ஒரே கட்சியாக நிறுத்தாதீர்கள். எஸ்ஸோவும் கால்டெக்ஸும் அமெரிக்க நிறுவனங்கள். ஷெல் அப்போது பிரித்தானிய, ஒல்லாந்த நிறுவனம். அமெரிக்கத் திருத்தம் ஷெல்லைக் காப்பாற்றாது. ஷெல்லின் பிரதிநிதியாக அமரும் மாணவர் உங்கள் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார்; அமைச்சரவையில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால் அவரைத் தனியே அழைத்துத் தனி இணக்கம் பேசிப்பார்ப்பார்.

பதில் 4: முன்னைய ஆண்டொன்றில் அமர்வில் பங்கேற்றவர், தெகிவளை

தங்கச்சி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இத்தகைய ஓர் அமர்வில் எனக்குப் பிடிக்காத தரப்பில் இருந்தேன். அதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கொழும்பில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவர் பிரான்சிஸ் வில்லிஸ் என்ற பெண்மணி. அமெரிக்க வெளிநாட்டுச் சேவையில் படிப்படியாக உயர்ந்து தூதுவர் பதவியை எட்டிய முதல் பெண் அவர். இங்கே வருமுன் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் பணியாற்றியவர். அவருக்கு எதிரே இருந்தவர் உலகின் முதல் பெண் பிரதமர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் எண்ணெய்ப் பிணக்கின் இரு முனைகளிலும் பெண்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தாலே உங்களுக்குக் குரல் கிடைக்கும். வாஷிங்டனிலிருந்து வரும் தந்தி ஒன்று, கொழும்பில் கண்ணால் காணும் நிலைமை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அனுபவம் மிக்க ஓர் அரச ஊழியராக அவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரை வெறுக்கவும் வேண்டாம், அவரோடு உடன்படவும் வேண்டாம்.

2022 ஐ முற்றாக ஒதுக்கவேண்டும் என்ற ஆசிரியரின் கருத்தோடு மட்டும் நான் முரண்படுகிறேன். அமர்வு நடக்கும்போது அதை உச்சரிக்கக்கூடாது என்பது சரி. ஆனால் முடிந்த பின் அரைமணி நேரம் ஒதுக்கி, எல்லோரும் பாத்திரத்தைக் களைந்துவிட்டுப் பேசவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர் என்று கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கிய தலைமுறை நாங்கள். 2023 இல் சீன எண்ணெய் நிறுவனமான சினோபெக்கின் பலகைகள் கொழும்பில் எழுந்தபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் மீண்டும் வருகின்றன என்று சிலர் கவலைப்பட்டார்கள், இனியாவது வரிசை இராது என்று சிலர் ஆறுதலடைந்தார்கள். எங்கள் வீட்டிலேயே அப்பா ஒரு பக்கம், சித்தப்பா மறுபக்கம். அந்த இரண்டு உணர்வுகளையும் 1962 உடன் ஒப்பிட்டுப் பேசாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால், சட்ட இலக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள்.

பதில் 5: அரசியல் விஞ்ஞான ஆசிரியர், கொட்டாஞ்சேனை

தெகிவளை நண்பர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அமர்வுக்குப் பிந்திய உரையாடலை நான் குறிப்பிடாதது என் தவறு. 1963 பெப்ரவரிக்குப் பின் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் அந்த உரையாடலில் சொல்லிவிடுங்கள். உதவி நிறுத்தப்பட்டதால் கொழும்பு பணியவில்லை. 1963 இல் சட்டத்தைத் திருத்தி, 1964 தொடக்கத்தில் உள்நாட்டு விநியோகம் முழுவதையும் கூட்டுத்தாபனத்தின் கையில் கொடுத்தது. 1965 மார்ச் தேர்தலில் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் வந்த பின்னரே நட்டஈடு இணங்கப்பட்டு அமெரிக்க உதவி மீண்டும் தொடங்கியது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த அரசாங்கமும் நிறுவனங்களிடம் வியாபாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியதும் அதே ஆட்சிக் காலத்தில்தான்.

கட்டுரைகளை மட்டும் நம்பாமல், பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டில் 1961 விவாதத்தைத் தேடிப் படியுங்கள். அன்றைய பத்திரிகைகளைக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். பாடசாலைக் கடிதத்தோடு செல்வது நல்லது.

வினா எழுப்பியவர்: உயர்தர மாணவி, வெள்ளவத்தை

ஐயாமாருக்கும் அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு எடுத்துச் சென்று, நேற்றுப் பின்னேரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் பதினான்கு பேரும் ஒன்றாக இருந்து வாசித்தோம். அமர்வின் திகதியை 1963 பெப்ரவரி முதல் வாரம் என்று மாற்றிவிட்டோம். வர்த்தக அமைச்சராக நடிக்கும் நண்பி "எங்கள் மண்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, தேயிலைக் கணக்கிலிருந்து உரையைத் தொடங்கியிருக்கிறாள். இப்போது அவளுக்குப் பதில் சொல்வது எனக்கு உண்மையிலேயே கடினமாக இருக்கிறது. ஷெல்லின் பிரதிநிதியை அமைச்சரவை தனியே அழைக்கப்போகிறது என்று எவரோ சொல்லிவிட்டதால், அவன் இப்போதே என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

என் முதல் உரையை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "கௌரவ பிரதம மந்திரி அவர்களே, உங்கள் அரசாங்கத்துக்கு இந்தச் சொத்துகளைக் கையகப்படுத்தும் உரிமை உண்டு என்பதை எனது அரசாங்கம் மறுக்கவில்லை. நான் இன்று தொகையைக் கேட்க வரவில்லை. ஒரு திகதியைக் கேட்க வந்திருக்கிறேன்." இதைப் படித்துக்காட்டியதும் பிரதமராக நடிப்பவள், "உங்கள் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் ஆறு மாதக் கெடுவுக்கு எங்கள் பாராளுமன்றம் ஏன் கட்டுப்படவேண்டும்?" என்று உடனே கேட்டாள். கட்டுப்படவேண்டியதில்லை, ஆனால் எங்கள் மக்களின் வரிப்பணத்தை உதவியாகப் பெறுவதற்கு எங்கள் சட்டம் விதிக்கும் நிபந்தனை அது என்று சொன்னேன். "அப்படியானால் அது உதவியா, கடிவாளமா?" என்றாள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது ஒத்திகை.

பதில் 6: சட்டத்தரணி, புதுக்கடை

அந்தக் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள், தங்கையே. 1952 இல் சீனாவோடு இறப்பர் அரிசி ஒப்பந்தம் செய்ததற்காக இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்ட கதையைப் பிரதமராக நடிப்பவர் கண்டுபிடித்துவிட்டால் கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வரும். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த ஒப்பந்தத்தை நீங்கள் படித்துவிடுங்கள்.